எத்தனை ஆம்பியரில் மின்னேற்றலாம்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் மன்றக் கூட்டத்துக்குப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரிமோட் கார் கொண்டுவந்தான். அதன் மின்கல அடுக்கில் ‘நிக்கல் உலோக ஹைட்ரைடு, 7.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி’ என்று இருந்தது. மின்னோட்டத்தை மாற்றி வைக்கக்கூடிய சார்ஜரும் வைத்திருந்தான்.

“எத்தனையில வைக்கணும் டீச்சர்?”

பள்ளி விட முக்கால் மணி நேரமே இருந்தது. “சீக்கிரம் ஏறட்டும், 4 ஆம்பியரில் வை” என்று சொன்னவள் நான்தான். அரை மணி நேரத்தில், “தொட முடியல டீச்சர், தோசைக்கல்லு மாதிரி சுடுது” என்றான். உடனே இணைப்பைத் துண்டித்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மின்னோட்டவியல் நடத்தும் நான் கணக்குப் போடாமல் சொன்னது உறுத்தியது. மறுநாள் அதையே பாடமாக்கினேன்.

படி 1: 2000 மில்லி ஆம்பியர் மணி என்றால், 2 ஆம்பியர் மின்னோட்டத்தை 1 மணி நேரம் தரும் கொள்ளளவு. மின்னூட்டம் = மின்னோட்டம் × காலம். எனவே 2 × 3600 = 7200 கூலூம்.

படி 2: கொள்ளளவை 1 மணி நேரத்தில் நிரப்பும் கணக்கில் அமையும் மின்னோட்டமே ‘1 சி’ வீதம். இந்த அடுக்குக்கு அது 2 ஆம்பியர். “அப்படியானால் நான் சொன்னது?” என்றேன். “2 சி டீச்சர்!” என்றது வகுப்பு.

படி 3: ஏன் சுட்டது? ஜூல் விதிப்படி, மின்தடையில் ஒரு வினாடியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மேலும், இவ்வகை மின்கலன் நிரம்பும் தறுவாயில், செலுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது.

படி 4: வகைக்கேற்ற வீதம். நிக்கல் உலோக ஹைட்ரைடு அடுக்கை 0.1 சி வீதத்தில் மெதுவாக ஏற்றலாம். கணக்குப்படி 10 மணி நேரம். நடைமுறையில் 14 முதல் 16 மணி நேரம். இழப்பு எங்கே போனது என்று மாணவர்களையே கேளுங்கள். 0.5 சி முதல் 1 சி வரை ஏற்ற வேண்டுமானால், நிரம்பியதும் தானே நிறுத்தும் சார்ஜர் தேவை. லித்தியம் பாலிமர் அடுக்கைத் தயாரிப்பாளர் வேறு குறிப்பிடாதவரை 1 சி வீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. ஒரு மின்கலனுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது; அதற்குரிய சார்ஜரே வேண்டும். உப்பியதைப் பயன்படுத்தவே கூடாது.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். சில அடுக்குகளில் ‘25 சி’ என்றிருக்கும். ஒரு மாணவி அதை 25 டிகிரி செல்சியஸ் என்றாள். இன்னொருவன் கூலூம் என்றான். அது மின்னிறக்க வீதம். மின்னேற்றும் வீதம் அன்று. 2000 மில்லி ஆம்பியர் மணி அடுக்கை அந்த வீதத்தில் ஏற்றினால் 50 ஆம்பியர்!

செயல்பாடு: 1500, 3000, 5000 என எழுதிய அட்டைகளைக் குழுக்களுக்குக் கொடுங்கள். 1 சி, 0.5 சி வீதங்களைக் கணக்கிடட்டும். (விடை: 1.5, 0.75, 3, 1.5, 5, 2.5 ஆம்பியர்.) ஏழாம் வகுப்பில் இதையே நேர்விகிதக் கணக்காகத் தரலாம். வகுப்பில் அட்டைகளே போதும், மின்கலன்கள் வேண்டாம்.

இப்போது அந்த மாணவன் 1 ஆம்பியரில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அவ்வப்போது தொட்டுப் பார்க்கிறான். என்னிடம் கேட்பதில்லை, அட்டையைப் பார்த்துத் தானே கணக்கிடுகிறான்.