பெட்ரோல் முள் பிழைபட்டால்

விருதுநகர்

மருமகனுக்கு,

உங்கள் வீட்டுப் பழைய காரின் பெட்ரோல் முள், சிவகாசியில் பாதி டேங்கு காட்டிவிட்டுத் திருத்தங்கல் வருவதற்குள் காலி என்று விழுந்துவிடுவதாகவும், ஆகையால் மீட்டரையே மாற்ற உத்தேசித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். மீட்டரின் மீது பழி போடுவது எளிது. ஆனால் பழைய கார்களில் அது பெரும்பாலும் நிரபராதி.

டேங்கினுள் இருக்கும் மிதவை பெட்ரோலோடு ஏறியிறங்கும்போது, அதன் கை ஒரு மெல்லிய கம்பிச்சுருளின் மேல் உராய்ந்து நகர்ந்து, மின்சாரப் பிரவாகத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்ப, அந்த அளவுக்குத் தக்கபடியே முன்னால் முள் அசைகிறது. வருஷக்கணக்கான உராய்வில் சுருள் ஓரிடத்தில் தேய்ந்துபோனால், பெட்ரோல் அந்த மட்டத்துக்கு வரும்போதெல்லாம் முள் விழும். இன்னும் சிறிது தூரம் ஓடியபின் கால் டேங்கு என்று மறுபடி எழுந்தாலும் எழும். உன் விஷயத்தில் என் அனுமானம் இதுதான். மேடுபள்ளத்துக்கெல்லாம் நிலை மாறினால் ஒயரோ, துருவேறிய எர்த்தோ காரணம். எப்போதுமே காலி என்றால் மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். வெப்ப முள்ளும் கூடவே பிழை காட்டுமானால், இரண்டு முட்களுக்கும் சுமார் 10 வோல்ட்டை ஸ்திரமாக வழங்கும் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி பரீட்சை. சாவியை அணைத்து, மிதவையும் சுருளும் அடங்கிய டேங்கு யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் நுனியைக் காரின் உடம்பில் துரு சுரண்டிய இடத்தில் இறுகக் கட்டிவிட்டு, அதன் பிறகே சாவியைத் திருப்பு. நிதானமாக ஏறும் ரகத்து முள் முழு டேங்குக்குப் போனால் மீட்டரும் ஒயரும் நலம், குற்றம் பின்னால்தான். ஏறியவுடன் சாவியை அணைத்துவிடு. நெடுநேரம் விட்டால் மீட்டர் கெடும். சாவி போட்டதும் துள்ளுகிற மிகப் பழைய ரகமானால் விளைவு நேர்மாறு: எர்த் செய்தால் காலி, கழற்றினால் முழுமை.

இந்த வரிசையை மாற்றி, சாவி போட்டபின் டேங்கின் அருகில் ஒயரை உரசிப் பார்க்கும் மெக்கானிக்குகள் உண்டு, அவர்களைப் பின்பற்றாதே. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய நாள்முதல் நெருப்போடு பழகிய ஊர் உன் சிவகாசி. வெடிமருந்து அறைக்குள் இரும்புக் கருவியைக் கொண்டுபோகலாகாது என்ற விதியின் காரணம் தீப்பொறிதான் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தங்கும். ஆகவே ஷெட்டுக்குள் அல்ல, திறந்த வெளியில் வேலை செய். யூனிட்டைக் கழற்றுமுன் பாட்டரி இணைப்பையும் எடுத்துவிடு.

புது யூனிட் பொருத்தியபின், காலி டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள். டேங்கின் வடிவம் ஒரே சீராக இராததால், முள்ளின் பாதி பெட்ரோலின் பாதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. இப்படிக் குறித்து முடிக்கும்வரை கிலோமீட்டர் கணக்கை வைத்தே ஓட்டு. சாத்தூர்ப் பக்கம் போவதானால் புறப்படுமுன் பெட்ரோல் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா