தூக்காமல் விட்ட வாய்ப்பு

திருவண்ணாமலை

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய பளுதூக்கும் வீடியோவைப் பார்த்தேன். எடை கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் பார் தலைக்கு மேல் போனபோது இடது முழங்கை மடங்கி நிமிர்ந்தது. ஜிம்மில் கை தட்டுவார்கள்; போட்டியில் சிவப்பு விளக்குதான்.

போளூர் வழி பஸ் ஏறினால் வேலூர். அங்கே சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம். அவர் அப்பாவும் பளு தூக்கியவர்தான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், சதீஷ் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒரு கிலோ கூடுதலாகவே தூக்கினார். கிடைத்தது பதினோராவது இடம்.

பிறகு தேசியப் போட்டியில் 194 கிலோ ஜெர்க்குக்கு முயன்று தொடைத் தசையில் அடிபட்டார். அது முழுதாக ஆறாமலேதான் 2018-இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் மேடையில் ஏறினார். ஸ்நாட்சில் இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145, இவர் 144. அடுத்த சுற்றில் இவர் 173 தூக்கிவிட்டார். ஆலிவர் 171-க்கு இரண்டு முறை முயன்றும் முடியவில்லை. தங்கம் உறுதி, சதீஷுக்கோ இன்னொரு வாய்ப்பு மிச்சம். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? பிளேட்டை ஏற்றச் சொல்லியிருப்பாய். அவர் மேடைக்கே போகவில்லை. மொத்தம் 317 கிலோ, கிளாஸ்கோவைவிட 11 குறைவு. தங்கம் அதே தங்கம்.

அவர் தூக்கிய அத்தனையிலும் எனக்குப் பிடித்தது, தூக்காமல் விட்ட அந்த ஒன்றுதான்.

உனக்குத் தெரிந்த விதிதான். ஒரு எடையில் தவறினால் அடுத்த முறை குறைத்துக் கேட்க முடியாது. மூன்று ஸ்நாட்சும் தவறினால் மொத்தக் கணக்கே இல்லை. ஆகவே தொடக்க எடை, உடம்பு சரியில்லாத நாளிலும் தூக்கக்கூடியதாக இருக்கட்டும்.

யாரோ கொடுத்த பவுடர் டப்பாவைத் தொடாதே. ஊக்கமருந்துச் சோதனையில் 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது எடுபடாது. படிப்பையும் விடாதே, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டுப் போனாலும் சான்றிதழோடுதான் போகவேண்டும். சதீஷுக்கும் சம்பளம் தந்தது தெற்கு ரயில்வே.

போட்டி வாரத்தில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வேண்டாம். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார், உன் அத்தை வேண்டுமானால் கோபிப்பாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். தொடக்க எடை என்னவென்று கோச்சிடம் கேட்டு இந்த வாரமே எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா