கொலோனில் ஒரு சாதாரண சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

பெண் உடையில் ஊர் சுற்றக் கிளம்பும் ஆண்கள் எல்லோரும் திருநங்கைகள்தானா என்று கேட்டிருந்தாய். இல்லை. திருநங்கை தன்னைப் பெண்ணாகவே உணர்பவர். எந்த உடையில் இருந்தாலும் அவர் பெண்தான். கிராஸ்டிரெஸ்ஸர் என்று சொல்லப்படுகிறவர் பெரும்பாலும் ஆணாகவே வேலைக்குப் போகிறார், ஆணாகவே குடும்பம் நடத்துகிறார். இடையிடையே கவுனோ ஸ்கர்ட்டோ உடுத்திக்கொள்வதில் அவருக்கு ஒரு நிறைவு. அவர் யாரை விரும்புகிறார் என்பதை உடை சொல்லிவிடாது. பெர்லின் மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1910-இல் இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் ஆராய்ந்த ஆண்களில் பெரும்பாலோர் பெண்களை விரும்பியவர்கள், பலர் மணமானவர்கள்.

இப்படிப்பட்ட ஒருவரின் வார இறுதி எப்படிப் போகும் என்று பார்ப்போம். ஊர் ஜெர்மனியின் கொலோன். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே 157 மீட்டர் உயரப் பேராலயம் எதிரே நிற்கும். 1248-இல் தொடங்கி 1880-இல்தான் கட்டி முடித்தார்கள்.

விடுதி அறையில் நடக்கும் ஒப்பனைதான் பயணத்தின் பாதிச் சந்தோஷம். முதலில் ஒட்டச் சவரம். அதன் பிறகும் தாடையில் நீலச் சாயல் தெரியும். அதை மறைக்க ஆரஞ்சு நிறக் கரெக்டர், அதற்கு மேல் ஃபவுண்டேஷன். விக்கை வீட்டிலேயே சீவிக் கொண்டுவருபவர் புத்திசாலி. கடினமான விஷயம் காலணி. ஐரோப்பிய அளவில் 42-க்கு மேல் போகும் பாதத்துக்குப் பெண்கள் செருப்புக் கடையில் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. பழைய நகரத் தெருக்களிலோ கல் பாவியிருக்கிறது, ஊசி ஹீல்ஸ் இடுக்கில் மாட்டும். அகலமான குதிகால் வைத்த பூட்ஸும் முழங்காலைத் தொடும் கம்பளி ஸ்கர்ட்டும் ரைன் நதிக்கரைக் காற்றுக்கு ஏற்றவை. முதல் முறை வருபவர் பளபளக்கும் கவுனைத்தான் பெட்டியில் வைப்பார். சனிக்கிழமைக் கடைத்தெருவில் அந்த ஊர்ப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தியவரே அதிகத் தூரம் நிம்மதியாக நடப்பார்.

மாலையில் பியர்க்கூடம். இங்கே கிடைப்பது கோல்ஷ். மேல்நொதிப்பு ஈஸ்ட்டில் புளிக்கவைத்து, பிறகு குளிரில் முதிரவைக்கும் தெளிந்த பொன்னிறப் பியர். ஆல்கஹால் அளவு ஏறக்குறைய 4.8 சதவீதம். கொலோனிலும் அதை ஒட்டிய சில இடங்களிலும் வடிப்பதற்கு மட்டுமே அந்தப் பெயர் உண்டு. 1986-இல் பியர் ஆலைகள் கையெழுத்திட்டுச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது, பின்னர் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு தந்தது. ஒல்லியான நேர்க் கண்ணாடிக் குவளையில் 0.2 லிட்டர்தான் தருவார்கள், சூடேறுவதற்குள் குடித்துவிடலாம். நீலச் சட்டையும் ஏப்ரனும் போட்ட பரிமாறுபவரைக் கோபெஸ் என்கிறார்கள். நடுவில் கைப்பிடி வைத்த வட்டத் தட்டில் குவளைகளை அடுக்கிக்கொண்டு சுற்றிவருவார். குவளை காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்து, அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையைக் குவளையின் மேல் வைத்துவிட வேண்டும். சின்னக் குவளைதானே என்று கணக்கை விட்டுவிடக் கூடாது, ஐந்து கோடு ஒரு லிட்டர். கம்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கடுகும் வைத்த ஹால்வெ ஹான் கூடவே இருந்தால் நல்லது.

கோபெஸின் வாய்த்துடுக்கு ஊர் அறிந்தது. எல்லோரையும் சீண்டுவார். லிப்ஸ்டிக் போட்ட விருந்தாளியையும் பக்கத்து மேசை வங்கி அதிகாரியையும் ஒரே மாதிரி சீண்டினால், அது மரியாதை. நீண்ட பொது மேசையில் அந்நியர்கள் தோளோடு தோள் உட்காருவதால் பேச்சும் தானாகவே தொடங்கிவிடும்.

இந்த ஊருக்கு ஆண் போடும் பெண் வேடம் புதிதல்ல. இங்கே கார்னிவல் திருவிழாக் காலத்தை ஆளும் மூவர் இளவரசர், விவசாயி, கன்னி. கன்னியும் ஆண்தான், நம் பழைய நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் மாதிரி. கோட்டை மதிலின் வடிவில் கிரீடம், நீண்ட அங்கி, மழித்த முகம். கைப்பற்றப்படாத நகரத்தின் உருவம் அது. கன்னியாக ஆண் வருவது நாஜிகளுக்குப் பொறுக்கவில்லை. 1938-லும் 1939-லும் அந்தப் பாத்திரத்தில் பெண்களை நிறுத்தினார்கள். போருக்குப் பின் அது மீண்டும் ஆண்களிடம் வந்தது.

வேடத்தைத் தாண்டி, தெருவில் அப்படி நடப்பதன் கதை வேறு. பெண் உடையில் பிடிபட்டவரை ஒழுங்கைக் கெடுத்ததாகச் சொல்லி போலீஸ் கைது செய்த காலம் உண்டு. ஹிர்ஷ்ஃபெல்ட் போன்ற மருத்துவர்கள் சான்று தர, பெர்லின் போலீஸ் சிலருக்குச் சீட்டு வழங்கியது. இவர் பெண் உடையில் நடமாடுபவர் என்பது காவல்துறைக்குத் தெரியும் என்ற குறிப்பு அதில் இருக்கும். 1919-இல் ஹிர்ஷ்ஃபெல்ட் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் நெருப்பில் விழுந்தன. கொலோனில் ஹோஹென்ஸோலர்ன் பாலத்தருகே 1995-இல் வைத்த இளஞ்சிவப்புக் கல் முக்கோணம், நாஜிகள் கொன்ற தன்பால் ஈர்ப்பாளர்களின் நினைவுச்சின்னம். தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களைத் தண்டித்த ஜெர்மன் சட்டத்தின் 175-ஆம் பிரிவு முழுமையாக நீங்கியது 1994-இல்தான். ஊர் சுற்ற வருகிறவர் பியர்க்கூடத்துக்கு முன்பே அங்கே ஒருமுறை நின்றுவிட்டுப் போக வேண்டும்.

எந்த வார இறுதி நல்லது? நவம்பர் 11 காலை 11:11-க்குத் திருவிழாக் காலம் தொடங்கும். ஊரே வேடம் கட்டும், துணிச்சல் தேவைப்படாது. ஆனால் அன்று கவுன் போட்டவரைக் கூட்டம் வேடக்காரர் என்றே எண்ணிக் கைதட்டும். மார்ச்சிலோ செப்டம்பரிலோ எந்தக் கொண்டாட்டமும் இல்லாத ஒரு சனிக்கிழமை போனால் யாரும் கைதட்ட மாட்டார்கள். கோபெஸ் அடுத்த குவளையை வைத்து, கோடு போட்டுவிட்டுப் போவார்.

அன்புடன்,
உன் அண்ணன்