லேஸ் பின்னலைக் கைக்குட்டையிலும் விசிறியிலும் பொருத்தும் முறை

கைவேலைகளுள் மிகுந்த பொறுமையையும் நுட்பத்தையும் வேண்டுவது பாபின் லேஸ் எனப்படும் பின்னல் வேலை. அதனைப் பின்னும் முறையை விளக்குவோர் பலர். பின்னி முடித்த லேஸைத் துணியில் எவ்வாறு அமைப்பது, எவ்வாறு காட்சிக்கு வைப்பது என்பதை எடுத்துக் கூறுவோர் சிலரே. ஆயினும், பல வார உழைப்பு நிலைத்து நிற்பதும் வீணாய்ப் போவதும் இந்தக் கடைசி வேலையைப் பொறுத்தே அமைகின்றன. ஆதலின், அதனையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

லேஸ் உருவாகும் விதம்

பாபின் லேஸ், துணியின்மேல் தைக்கப்படும் பூவேலை அன்று. நூலை மட்டுமே கொண்டு தனியாகப் பின்னப்படுவது. கெட்டியான திண்டு ஒன்றின்மேல், துளையிட்ட மாதிரி அட்டையைப் பொருத்துவர். நூல் சுற்றிய பாபின் என்னும் சிறு மரக்கட்டைகளைச் சோடி சோடியாகத் தொங்கவிடுவர். ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்கே மாற்றுதல், ஒன்றோடொன்றை முறுக்குதல் ஆகிய இரண்டே அசைவுகளால் பின்னல் வளரும். துளைகளில் குத்தப்படும் குண்டூசிகள், பின்னல் முடியும்வரை அதன் வடிவைக் காத்து நிற்கும். மெல்லிய நூலில் பின்னும்போது ஒரு மணி நேர உழைப்புக்குச் சில சென்டிமீட்டர் நீளமே கிடைக்கும்.

ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த கலை இது. இதற்கான மாதிரிகளைக் கொண்ட நூல் ஒன்று 1557-ஆம் ஆண்டிலேயே வெனிஸ் நகரில் அச்சாகியது. லேஸைக் குறிக்கும் 'ரெண்டா' என்னும் மலாய்ச் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்ததாகும். 1511-ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியரோடு ஏற்பட்ட தொடர்பின் அடையாளங்களுள் அச்சொல்லும் ஒன்று.

தமிழர் வரலாற்றிலும் இக்கலைக்கு ஓர் இடம் உண்டு. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரின் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், 1820-களில் நாகர்கோவிலில் தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். நாகர்கோவில் அடங்கிய திருவிதாங்கூரில் அந்நாளில் அடிமை முறை நிலவியது. 1855-ஆம் ஆண்டிலேயே அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர், லேஸ் பின்னிப் பெற்ற கூலியைச் சிறுகச் சிறுகச் சேமித்து, அப்பணத்தைச் செலுத்தித் தம்மை மீட்டுக்கொண்டனர். மால்ட் அம்மையாரின் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல்லை 1844-ஆம் ஆண்டு மணந்து, திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடியிலும் இத்தொழிலைப் பரப்பினார். லேஸ் என்பது செல்வர் வீட்டு அலங்காரம் மட்டுமன்று; ஏழைப் பெண்களின் உழைப்பும் சேமிப்பும் அதில் அடங்கியிருந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அடிப்படை விதி

லேஸைப் பொருத்துவதில் எல்லா விதிகளுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. வேண்டும்போது சேதமின்றிப் பிரித்தெடுக்கக் கூடியவாறே லேஸைத் தைத்தல் வேண்டும் என்பதே அது. கையாளும் துணி தேய்ந்து கிழியும். விசிறியின் குச்சி முறியும். அவற்றோடு லேஸும் அழியவேண்டியதில்லை.

விக்டோரியா அரசியார் 1840-ஆம் ஆண்டு தம் திருமணத்தில் அணிந்த லேஸ், இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்துப் பெண்களால் கையால் பின்னப்பட்டது. அந்த லேஸ் மணநாள் பட்டாடையோடு பெட்டிக்குள் முடங்கிவிடவில்லை. அதனைப் பிரித்தெடுத்து, பிற்காலத்தில் வேறு ஆடைகளின்மேல் பலமுறை அணிந்தார். 1897-ஆம் ஆண்டு அவருடைய 60 ஆண்டு ஆட்சி விழாவுக்கென வெளியிடப்பட்ட படத்திலும் அந்த லேஸைக் காணலாம். பிரிக்கும்படி தைத்ததன் பயன் இது.

இதனால்தான் லேஸில் பசை தடவுதல் கூடாது என்கிறோம். ரப்பர் பாலில் செய்த பசை நாளடைவில் பழுப்பேறி, இறுகி, நொறுங்குவதைப் பால்மரத்தோடு பழகிய நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வேறு பல பசைகளும் காலப்போக்கில் நூலைக் கறைப்படுத்துவனவே. ஒட்டும் நாடாவும் அவ்வாறே.

கைக்குட்டையில் பொருத்துதல்

3 சென்டிமீட்டர் அகலமுள்ள லேஸைக் கொண்டு, ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர் உள்ள கைக்குட்டை செய்வதாகக் கொள்வோம். லேஸ் இருபுறமும் 3 சென்டிமீட்டர் இடத்தைக் கொள்ளுமாதலால், நடுத்துணி 24 சென்டிமீட்டர் சதுரமாக அமையும். அதன் சுற்றளவு 96 சென்டிமீட்டர். ஆனால், லேஸின் வெளி விளிம்போ நான்கு மூலைகளையும் சுற்றி 120 சென்டிமீட்டர் செல்லவேண்டும். எனவே, மூலைகளில் சுருக்கி அமைக்கும் நேரான லேஸானால் 120 சென்டிமீட்டரும், முனைகளை இணைக்க மேலும் 3 சென்டிமீட்டரும் தேவை. இக்கணக்கை முன்கூட்டியே போடாதவர்க்கு, கடைசி மூலையில் லேஸ் போதாமற் போகும்.

1. லினன் அல்லது மெல்லிய மல் துணியை முதலில் துவைத்து உலர்த்துக. துவைக்காத துணி பின்னர் சுருங்கி லேஸைக் கோணச் செய்யும்.

2. துணியை 25 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுக. வெட்டுமுன் ஓர் இழையை உருவி எடுத்தால், அவ்விடைவெளி நேர்க்கோடாக வழிகாட்டும். பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் உள்ளே சுருட்டி, நுண்ணிய தையலால் விளிம்பை முடிக்க.

3. லேஸின் நேர்விளிம்பைத் துணியின் விளிம்போடு சேர்த்துத் தற்காலிகத் தையல் இடுக. பக்கங்களில் லேஸைச் சிறிதும் இழுத்தல் கூடாது, தளர்வாகவே படியவேண்டும். ஒவ்வொரு மூலைக்கும் 6 சென்டிமீட்டர் மிகுதியாக விட்டு, அதனை நேர்விளிம்பில் சீராகச் சுருக்குக.

4. துணி விளிம்பையும் லேஸ் விளிம்பையும் நெருக்கமான சுற்றுத் தையலால் இணைக்க. லேஸின் விளிம்பில் குண்டூசி நின்ற துளைதோறும் ஒரு தையல் விழுமாறு பார்த்துக்கொள்க. நூல், லேஸின் நூலைவிடத் தடித்ததாய் இருத்தல் கூடாது; தடித்த வலுவான நூல் மெல்லிய லேஸை அறுத்துவிடும்.

5. லேஸின் இரு முனைகளையும் பூ வடிவம் பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க. இணைப்பு, பக்கத்தின் நடுவில் அமையட்டும், மூலையில் வேண்டா.

விசிறியில் பொருத்துதல்

மடக்கு விசிறிக்கு வேண்டிய லேஸ், தொடக்கத்திலேயே வில்போன்ற வளைவாகப் பின்னப்படுதல் வேண்டும். நேரான லேஸை வளைத்தால் உள்விளிம்பு சுருங்கும், வெளிவிளிம்பு இழுபடும். முதலில் விசிறியை முழுதும் விரித்து, அதன் வடிவைத் தாளில் வரைந்து, குச்சிகள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வடிவில் மெல்லிய வலைத்துணி ஒன்றை வெட்டி, அதன்மேல் லேஸைப் பரப்பித் தைக்கவேண்டும். விரித்து மடக்கும் இழுப்பை வலைத்துணி தாங்கும், லேஸ் தாங்கவேண்டியதில்லை.

குச்சிகளில் துளைகள் இருப்பின் அவற்றின் வழியே வலைத்துணியைத் தைத்துவிடலாம். துளைகள் இல்லையெனில், குச்சியில் மட்டும் குறுகிய பருத்தி நாடாவை ஒட்டி, நன்கு உலர்ந்தபின் வலைத்துணியை அந்நாடாவோடு தைக்கவேண்டும். அப்போது பசை லேஸைத் தீண்டாது. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் இடையே, உள்மடிப்பு விழும் பகுதியைத் தைக்காது விடவேண்டும். வேலை முடியுமுன் விசிறியை மெல்ல மடக்கியும் விரித்தும் பார்த்தல் நன்று. எங்கேனும் இழுப்புத் தெரிந்தால், அங்குள்ள தையலை மட்டும் பிரித்துத் தளர்த்துக.

காட்சிக்கு வைத்தலும் காத்தலும்

வெண்ணிற லேஸின் நுட்பம் கருநீலம் அல்லது அரக்கு நிறப் பின்னணியில் நன்கு விளங்கும். பின்னணித் துணியைச் சாயம் போகும்வரை பலமுறை துவைத்த பின்னரே பயன்படுத்துக. கண்ணாடிச் சட்டத்தில் வைப்பதாயின், லேஸ் கண்ணாடியைத் தொடாதவாறு ஓரங்களில் இடைவெளி கொடுத்தல் வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். ஆணியும் துருப்பிடிக்கும் குண்டூசியும் ஆகா. ஆங்காங்கே சிறு தையல்களால் நிறுத்துவதே முறை. வெயில் படும் சுவரும் அடுப்பங்கரைச் சுவரும் லேஸுக்குப் பகை.

விரித்த விசிறி தட்டையாக நிற்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய குச்சிகளால் ஒருபுறம் உயர்ந்தே இருக்கும். ஆகவே, சாய்வுப் பலகையில் வைத்து, உயர்ந்த பக்கத்துக்குத் துணிச் சுருள் ஒன்றை முட்டுக் கொடுக்க வேண்டும். காட்சி முடிந்ததும் பழைய மடிப்புகளின் வழியே மடக்கி வைக்க.

அழுக்கேறிய கைக்குட்டையை மென்மையான சோப்பு நீரில் ஊறவைத்து, பிழியாது துண்டில் ஒற்றி, வெண்துணி போர்த்திய பலகையில் துருப்பிடிக்காத குண்டூசிகளால் விரித்து உலர்த்துக. பெட்டியில் வைக்கும் லேஸுக்குக் கஞ்சி போடுதல் கூடாது; கஞ்சியை நாடி வெள்ளிப்பூச்சி வரும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரம் தங்கும். துவைத்த பருத்தித் துணி சுற்றிய உருளையில் சுருட்டி வைப்பதே நலம். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் நூல் முதலில் அறும்.

விற்பனைக்குச் செய்வோர்க்கும் இவ்விதிகள் பொருந்தும். வாங்குவோர் முதலில் புரட்டிப் பார்ப்பது கைக்குட்டையின் பின்புறத்தையே. பசைக்கறை படிந்த லேஸ், எத்துணை அழகாகப் பின்னப்பட்டிருப்பினும், உரிய விலை பெறாது. அவ்வாறு குறையும் விலை பின்னியவரின் கூலியே. பல வாரம் பின்னிய கை, தைக்கும் ஒரு நாளில் மட்டும் அவசரப்படுதல் வேண்டா. நம் வீடுகளில் பாட்டியோ அன்னையோ பின்னிய லேஸ், கிழிந்த துணியோடு கிடக்குமானால், அதனைத் தையல் தையலாகப் பிரித்தெடுத்து, இங்குக் கூறிய முறையில் புதிய துணியில் அமைப்போமாக.