குறைந்த விலையில் மடிக்கணினி: தேர்வும் வைரஸ் தடுப்பும்

பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மீமிசலில் மடிக்கணினி வாங்க எண்ணும் குடும்பத்தார் அறந்தாங்கி, புதுக்கோட்டைக் கடைகளில் புதியதை வாங்கலாம், இணையத்தில் தருவிக்கலாம், நிறுவனங்கள் கழித்துவிட்ட கணினியைச் சீரமைத்து விற்போரிடம் பெறலாம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினரிடம் சொல்லிவிடலாம். வழி எதுவாயினும் விலையை முதலில் முடித்துவிட்டு வைரஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது தவறு. பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதைப் பொறுத்தே ஒரு கணினி மலிவா இல்லையா என்பது முடிவாகிறது.

கணினியின் உறுப்புகளை இயக்கி, மற்ற மென்பொருள்களுக்கு இடம்தரும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். விண்டோஸும் லினக்ஸும் அவ்வகையின. இயங்குதளத்தில் அவ்வப்போது கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க அதை உருவாக்கியவர்கள் இணையவழி அனுப்புவனவே பாதுகாப்புத் திருத்தங்கள். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை என்னும் நச்சு நிரல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது என்பதை நினைத்தால், திருத்தம் பெறாத கணினிகள் எவ்வளவு பெரிய இழப்புக்கு ஆளாயின என்பது புலப்படும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இயங்குதளமே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக இயங்க, மறையாக்கச் சாவிகளைத் தனியே காக்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் கோர் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன ப்ராசஸரும், அதாவது கணக்குகளைச் செய்யும் மையச் சில்லும், தேவை. ஐ5-8250 என்பதில் கோட்டுக்குப் பின்வரும் 8 எட்டாம் தலைமுறையைக் குறிக்கும். ஐ5-7200 ஏழாம் தலைமுறை. பழைய கணினியில் இத்தேவைகளைக் குறுக்குவழியில் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றி விற்பதும் உண்டு; அத்தகைய கணினிக்குத் திருத்தங்கள் வருமென மைக்ரோசாஃப்ட் உறுதியளிப்பதில்லை என்பதால் அதைத் தவிர்ப்பதே நன்று.

அடுத்து, வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ரேம் 8 ஜி.பி.யும், நிலையான சேமிப்புக்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் படிப்புக்கும் அலுவலகப் பணிக்கும் போதும். மிகக் குறைந்த விலைக் கணினிகள் சிலவற்றில் உள்ள இ.எம்.எம்.சி. சேமிப்பு வேகம் குறைந்தது. பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் மாற்றவும் இயலாது.

பழையது வாங்குவோர் கூடுதலாகச் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். விண்டோஸே தயாரித்துத் தரும் பேட்டரி அறிக்கையில் தொடக்கக் கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் ஒப்பிட்டு, பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்தே பேரம் பேச வேண்டும். பயாஸ் என்னும் தொடக்க அமைப்புக்குக் கடவுச்சொல் போடப்பட்டுள்ளதா, முந்தைய நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பூட்டு நீங்கியுள்ளதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் புழங்கிய கணினியாயின் உப்புக்காற்று அரித்த தடம் யு.எஸ்.பி. வாய்களிலும் கீல் திருகுகளிலும் தெரியும். வளைகுடாவிலிருந்து வரும் கணினியின் விசைகளில் அரபு எழுத்துகள் இருப்பது தொல்லையன்று. ஆனால் பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

வாங்கிய முதல் நாளில் செய்யும் அமைப்பே பின்வரும் ஆண்டுகளைக் காக்கிறது. பழைய கணினியாயின் அதில் உள்ளதை முழுவதும் அழித்து, மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். உரிமம் இல்லாத விண்டோஸையும் ஆஃபீஸையும் உயிர்ப்பிப்பதாகச் சொல்லும் திருட்டுக் கருவிகள் இயங்குவதற்காகவே வைரஸ் காப்பை அணைக்கச் சொல்கின்றன. கடைக்காரர் இலவசமாக ஏற்றித் தருவதாகச் சொன்னாலும் அவற்றை உறுதியாக மறுக்க வேண்டும். கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் கட்டணமற்ற லிப்ரே ஆஃபீஸ் போதும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலேயே இருப்பதால் அறியாத தளங்களிலிருந்து தட்டச்சு மென்பொருள் இறக்கவும் தேவையில்லை. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்ற வைரஸ் காப்பு. அதனோடு இரண்டாவதாக ஒரு காப்பை ஏற்றுவது பெரும்பாலும் வேகத்தையே குறைக்கும். மென்பொருள் நிறுவும் அதிகாரமுள்ள கணக்கைத் தனியே வைத்து, அன்றாடப் பணியைச் சாதாரணக் கணக்கில் செய்தால், தவறுதலாகத் திறந்த நச்சு நிரலுக்கும் முழு அதிகாரம் கிடைக்காது.

சிற்றூர்களில் வைரஸ் பரவ முக்கியமான வாயில் பென்டிரைவே. ஜெராக்ஸ் கடையிலோ இணைய மையத்திலோ அச்செடுக்கச் செருகிய பென்டிரைவில், 'ஷார்ட்கட் வைரஸ்' எனப்படும் நச்சு நிரல் உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிப் படங்களை வைக்கிறது. அதைச் சொடுக்கியதும் நிரலும் ஓடுகிறது, கோப்புறையும் வழக்கம்போலத் திறக்கிறது. அதனால் பயனருக்கு ஐயமே எழுவதில்லை. இதைத் தடுக்க, கோப்பின் பின்னொட்டையும் மறைந்த கோப்புகளையும் காட்டுமாறு விண்டோஸை அமைத்து, வெளியே சென்றுவந்த பென்டிரைவை டிஃபெண்டரால் சோதித்த பின்னரே திறக்க வேண்டும். அச்செடுக்க வேண்டிய கோப்பைக் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்புவது இதைவிடப் பாதுகாப்பானது. கடைக் கணினியில் சொந்தக் கணக்கைத் திறக்க நேர்ந்தால், எழுந்து வருமுன் வெளியேறிவிட வேண்டும்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய கணினிகள் பல வீடுகளில் இன்னும் உள்ளன. அவற்றில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்ததால் அதில் வங்கிப் பணி செய்யலாகாது. ஆயினும் அவற்றைக் குப்பையில் சேர்ப்பது வீண். லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸின் புதிய பதிப்பை நிறுவினால் எழுதுவதற்கும் படிப்பதற்கும் அவை உதவும்.

முக்கியக் கோப்புகளின் நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடி இருக்கும் நகலையும் கோப்பைப் பூட்டும் வைரஸ் பூட்டிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலைக் கண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொரு நகல் வீட்டுக்கு வெளியேயோ இணையச் சேமிப்பிலோ இருப்பதும் இன்றியமையாதது.

தொற்று ஏற்பட்டதாகத் தோன்றினால் முதலில் இணையத்தைத் துண்டித்து, விண்டோஸ் முழுமையாக ஏறுமுன்பே தேடும் டிஃபெண்டர் ஆஃப்லைன் சோதனையை ஓட்ட வேண்டும். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் சைபர் ஸ்வச்சதா மையமும் நீக்கக் கருவிகளை இலவசமாகத் தருகிறது. கடவுச்சொற்களை நோயுற்ற கணினியில் அன்றி வேறொரு கருவியில் மாற்ற வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் கணினியைச் சரிசெய்வதற்கு முன்னரே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதிய வேண்டும், ஏனெனில் பணம் கைமாறி வெளியேறுமுன் நிறுத்திவைக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.