பலவகை உயிர்களை அளந்தறிதல்

ஓரிடத்தில் எத்தனை செடிகள் உள்ளன என்பதை எண்ணிச் சொல்லிவிடலாம். அவை எந்த அளவுக்குப் பலவகைப்பட்டவை என்பதை அறிய இரண்டு செய்திகள் தேவை. ஒன்று, அங்கு எத்தனை இனங்கள் உள்ளன என்பது. மற்றொன்று, அவ்வினங்கள் எவ்வளவு சமமாகப் பரவியுள்ளன என்பது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டு நிலத்துண்டுகளில் தலா 100 செடிகள் உள்ளன. இரண்டிலும் 4 இனங்களே. முதலாவதில் ஒவ்வோர் இனத்திலும் 25 செடிகள். இரண்டாவதில் லாலான் மட்டும் 97. ஏனைய மூன்று இனங்களில் ஒவ்வொன்றே. இனங்களின் தொகை ஒன்றாயினும், இரண்டாவதை நாம் லாலான் காடு என்றுதான் சொல்வோம்.

இவ்வேறுபாட்டை எண்ணால் காட்டும் முறையை எட்வர்ட் சிம்சன் என்னும் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அதே எண்ணால் பெருக்க வேண்டும். வந்தவற்றைக் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

முதல் நிலம்: 0.25ஐ 0.25ஆல் பெருக்க 0.0625. நான்கு இனங்களுக்கும் கூட்ட 0.25. கழித்தால் 0.75.

இரண்டாம் நிலம்: 0.97ஐ 0.97ஆல் பெருக்க 0.9409. ஏனைய மூன்றுக்கும் சேர்த்து 0.0003. கழித்தால் ஏறத்தாழ 0.06.

விடை ஒன்றை நெருங்க நெருங்க வகை மிகுதி. பூச்சியத்தை நெருங்கினால் வகை குறைவு.

நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ வனக் காப்பகத்தில் 50 ஹெக்டர் காட்டை 1980ஆம் ஆண்டுகளில் அளந்து, ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்களையெல்லாம் எண்ணினர். மூன்று இலட்சத்திற்கும் அதிகமான மரங்கள். 800க்கும் மேற்பட்ட இனங்கள்! நம் நிரைகளிலுள்ள மரங்களை மட்டும் கணக்கிட்டால் விடை பூச்சியமே. எல்லாம் ரப்பர் மரங்களல்லவா?

இக்கணக்கு நம் பிழைப்போடு தொடர்புடையது. ரப்பரின் தாயகமான அமேசான் காட்டில் அம்மரங்கள் பிற மரங்களுக்கிடையே தொலைவு தொலைவாக நிற்கின்றன. ஆகவே இலைக்கருகல் நோய் மரம்விட்டு மரம் எளிதில் தாவுவதில்லை. 1928இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் பிரேசிலில் பெருந்தோட்டம் அமைத்து மரங்களை நெருக்கி நட்டது. நோய் தோட்டமெங்கும் பரவியது. 1945இல் நிறுவனம் தோட்டத்தைக் கைவிட்டது. ஆகையால்தான் வெளிநாட்டிலிருந்து செடி, விதை கொண்டுவருவதற்கு நம் நாட்டில் கட்டுப்பாடு உள்ளது. அதனை மதித்து நடப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.

ஓய்வு நாளில் பிள்ளைகளுடன் செய்து பாருங்கள். நான்கு குச்சிகளையும் கயிற்றையும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் அமையுங்கள். நிரையின் நடுவில் ஒன்று, ஆற்றோரத்தில் ஒன்று. செடிகளை இனம்பிரித்து எண்ணுங்கள். பெயர் தெரியாவிடினும் குற்றமில்லை. இலையைக் கொண்டு பிரித்தாலே போதும். எந்த இடத்தில் விடை பெரிது என்பதை உங்கள் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்லட்டும்.