இஞ்சி பியர் வாளியை எப்போது மாற்றுவது?

நத்தாருக்கும் பொங்கலுக்கும் வீட்டிலேயே இஞ்சி பியர் போடுகிறவர்கள் பண்டாரவளைப் பக்கம் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "இந்த வாளி இன்னும் எத்தனை வருசத்துக்குத் தாங்கும்?" என்பதுதான். வருசக் கணக்கு இதற்குச் சரிவராது. சட்டி விளக்கும் தும்பை ஒரே ஒரு தரம் உள்ளே போட்டுத் தேய்த்தால், நேற்று வாங்கிய வாளியும் இன்றைக்கே பழசுதான். மெல்லிய துணியால் மட்டும் துடைத்துவந்த வாளி ஐந்தாறு வருசம் தாராளமாக உழைக்கும். உள்சுவரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பார்க்கத் தெரியாததால் நல்ல வாளியை எறிகிறவர்களும் உண்டு, வீணாய்ப்போன வாளியில் திரும்பத் திரும்ப இஞ்சியையும் சீனியையும் கொட்டுகிறவர்களும் உண்டு.

முதலில் அடியைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 இருந்தால் நல்லது. 2 என்பது கனமான பொலித்தீன், 5 என்பது பொலிப்ரோப்பிலீன். இஞ்சி பியரின் புளிப்பு இரண்டையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த இலக்கம் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்லும். உணவுக்கு உகந்ததா என்பதற்குக் கிண்ணமும் முள்ளுக்கரண்டியும் போட்ட அடையாளம் பக்கத்தில் இருக்க வேண்டும். வெள்ளை வாளிதான் வாங்க வேண்டும். கறுப்பு வாளி வேண்டாம்: பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் வரும், உள்ளே அழுக்கு இருந்தாலும் தெரியாது.

மரக்கறித் தோட்டத்தில் மருந்து தீர்ந்த கேன், பெயின்ட் வாளி இரண்டையும் தொடவே கூடாது. மருந்து பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடும், எத்தனை தரம் கழுவினாலும் முழுதாகப் போகாது. "நல்லாத்தானே கழுவினோம்" என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் ஒரு மிடறுகூடக் குடிக்காதீர்கள்.

இனி உள்சுவர். இதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் எந்த வாளியும் சுத்தமாகத்தான் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சை வாளிக்கு வெளியே சுவரோடு ஒட்டிப் பிடித்து உள்ளே பாருங்கள். கீறல்கள் கோடு கோடாகத் தெரியும். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, காய்ந்த சுவரில் மேலிருந்து கீழாக மெதுவாக இழுங்கள். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனால் பயமில்லை. இழை இழையாகப் பிய்ந்து ஒட்டிக்கொண்டால் அங்கே பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் பக்டீரியா தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு இருக்கும், பிளீச் அதன் அடிவரை போகாது. விளிம்புக்குக் கிட்ட, பானம் படாத உயரத்தில் இருக்கும் கீறலை விட்டுவிடலாம். அடியிலும், மண்டி தங்கும் மூலையிலும் பஞ்சு ஒட்டினால் அந்த வாளியின் காலம் முடிந்தது.

மணத்தைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பிளாஸ்டிக் இஞ்சி மணத்தையும் கராம்பு மணத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அது கேடில்லை. புளித்த காடி மணமோ ஈரத்துணி மக்கிய மணமோ வந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் உடனே எறியாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அப்பச்சோடா கரைத்து நிறைய ஊற்றி, மூடி, இரவு முழுக்க வைத்துக் கழுவுங்கள். மறுநாள் வெறும் தண்ணீர் ஊற்றி மூடி, இன்னோர் இரவு கழிந்ததும் திறந்து முகருங்கள். மணம் திரும்பிவந்தால் வாளியை மாற்றத்தான் வேண்டும்.

இதற்குப் பிறகும் சந்தேகமா? ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை ஈஸ்ட் சேர்த்துக் கலக்கியதும், கொதிநீரில் கழுவி ஆறவைத்த கண்ணாடிப் போத்தலில் அதே கலவையில் கொஞ்சம் ஊற்றி, வாயை இறுக்காமல் வாளிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டு நாளில் இரண்டையும் ருசி பாருங்கள். போத்தலில் இருப்பது நன்றாக இருந்து வாளியில் இருப்பது மட்டும் காடியாகியிருந்தால் குற்றம் வாளியில். இரண்டும் கெட்டிருந்தால் இஞ்சியையோ தண்ணீரையோ ஈஸ்டையோ பாருங்கள், வாளியைத் திட்டாதீர்கள்.

குமிழி வரவில்லை என்று புது வாளி வாங்க ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடும். முக்கால்வாசி நேரம் மூடியின் ரப்பர் வளையம்தான் இறுகிப்போய்க் காற்றைக் கசியவிடும். விளிம்பைச் சுற்றிச் சவர்க்கார நுரை தடவுங்கள், நுரை பொங்குகிற இடத்தில்தான் காற்று போகிறது. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். அடியில் குழாய் வைத்த வாளியானால் ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றி, புரிக்குள் இருக்கும் பசையை எடுங்கள். மார்கழிக் குளிரில் இங்கே நொதித்தல் மந்தமாகத்தான் நடக்கும். அதற்காக வாளியை அடுப்போடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு பக்கம் நெளிந்தால் மூடி பிறகு பொருந்தாது. கம்பளியால் சுற்றி வையுங்கள்.

கழுவுவது சுருக்கம். கொதிநீர் வேண்டாம், தும்பு வேண்டாம், கரண்டியால் சுரண்டவும் வேண்டாம். 4 லீட்டர் தண்ணீருக்கு மணமில்லாத பிளீச் ஒரு மேசைக்கரண்டி, பத்து நிமிடம். பிறகு கொதித்தாறிய தண்ணீரால் இருமுறை அலசி, நிழலில் கவிழ்த்துக் காயவையுங்கள். தகரக் கூரைமேல் வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் மொறுமொறுத்து வெடிக்கும். பிளீச்சோடு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். வினாகிரி போட்ட வாளியை இஞ்சி பியருக்குத் திருப்பாதீர்கள்.

இஞ்சி பியர் போட்டு இரண்டு நாள் ஆனதும் பிளாஸ்டிக் சோடா போத்தல்களில் ஊற்றி, போத்தலை அழுத்தினால் கல்லாகத் தெரிகிறபோது குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கழுத்து வளைந்த போத்தலையும் மடிப்பில் வெளுத்த போத்தலையும் எறியுங்கள். அதிக நாள் புளிக்கவிட்டால் மதுச்சாரம் ஏறும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். கசிப்பு பிடிபட்ட தோட்டங்களில் பெரிய பரலைப் பார்த்தாலே கேள்வி வரும், ஐந்து லீட்டருக்குமேல் ஒரே தடவையில் போடாதீர்கள்.

கழித்த வாளியின் அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போடுங்கள். நாற்று வளர்க்க உதவும், வேறு யாரும் எடுத்துச் சாப்பாட்டுக்கு வைக்கவும் மாட்டார்கள். அடுப்பில் மட்டும் எரிக்காதீர்கள். புது வாளி வாங்கிய அன்றே அடியின் வெளிப்புறத்தில் மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையால் எழுதுங்கள், பஞ்சுச் சோதனை செய்த நாளையும் கீழே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.